பாலை ஊற்றிவிட்டுக் கடுங்காப்பி குடிப்பவர்கள்

தாய்மார்களே, வணக்கம்.

உங்களில் பெரும்பாலோர் விடியும் முன்பே பால் கறந்து, சங்கத்தில் ஊற்றிவிட்டு வந்திருக்கிறீர்கள். வீட்டுக்கென்று நிறுத்தும் கொஞ்சம் பாலும் பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் போய்விடும். உங்களுக்குக் கடுங்காப்பி. ஊரார் எலும்பு உறுதிப்படப் பால் கொடுக்கிறவளின் எலும்பே தேய்வது எனக்குப் பொறுக்கவில்லை. அதைப் பேசத்தான் வந்தேன்.

உடம்பிலுள்ள கால்சியத்தில், அதாவது சுண்ணாம்புச்சத்தில், 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதிச் சிறு பங்குதான் தசையையும் இதயத் துடிப்பையும் ஒழுங்காக நடத்துகிறது. அதில் குறை வந்தால் உடம்பு காத்திருக்காது, எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். அப்போது வலியும் இராது. முற்றத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது. மாதவிடாய் நின்றபின் இந்தத் தேய்மானம் வேகமெடுக்கும்.

ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் தந்த கணக்கில், வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும்; தாய்ப்பால் கொடுப்பவருக்கும் மாதவிடாய் நின்றவருக்கும் 1,200. நூறு மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 120தான் உண்டு. முழுவதையும் பாலிலேயே எடுப்பதென்றால் முக்கால் லிட்டருக்கு மேல் ஆகும். எந்த வீட்டில் அது நடக்கும்?

ஆகவே மோரிலிருந்து தொடங்குங்கள். வெண்ணெய் எடுத்தபின் மோரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். கால்சியம் அங்கேதான் இருக்கிறது! நெய்யோடு அது போவதில்லை. பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். தண்ணீரை அதிகம் விட்டு மோரை நீர்த்துப்போகச் செய்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது கேழ்வரகு. நூறு கிராமில் 350 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது. அதே அளவு வெள்ளை அரிசியில் ஏறக்குறைய பத்து. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டும் கூழை ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. தானியத்தில் உள்ள ஃபைட்டிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முளைகட்டினாலும் மாவைக் கரைத்துப் புளிக்கவைத்தாலும் அந்தப் பிடி தளரும். நம் பாட்டிமார் முதல்நாளே மாவைக் கரைத்து வைத்ததில் இந்தப் பயனும் இருந்தது. அந்தக் கூழில் மோரையும் ஊற்றிக் குடித்தால், ஒரே வேளையில் இரண்டு வழியாகவும் கால்சியம் சேருகிறது.

கீரையில் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முருங்கைக்கீரையில் நூறு கிராமுக்கு 300க்கு மேல் உண்டு. அகத்தியில் அதைவிட மிக அதிகம். பாலக்கீரையிலும் இருக்கிறது, ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. இருபதில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சேர்கிறது. பாலக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. எலும்புக்கென்று அதை நம்ப வேண்டாம். மீன் சாப்பிடுகிறவர்கள் நெத்திலியை முள்ளோடு மென்று தின்னுங்கள். சத்து அந்த முள்ளில்தான். கருவாடானால் உப்பை நன்றாகக் கழுவுங்கள், உப்பு மிகுந்தால் சிறுநீரோடு கால்சியம் கூடுதலாக வெளியேறும். எள்ளுருண்டை பிள்ளைகளுக்கு மட்டுமா? நீங்களும் ஒன்று எடுங்கள்.

இத்தனையும் குடலில் உறிஞ்சப்பட வைட்டமின் டி வேண்டும். அது தோலில் வெயில் பட்டு உண்டாவது. வயலில் நிற்பவர்களைவிட, நாள் முழுக்கக் கூரைக்குக் கீழே தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

கடைசியாக, கர்ப்பிணிகளுக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கால்சியம் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் தருகிறார்கள். ஞாபகமாக இருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்து விழுங்குகிறார்கள். சேர்ந்தால் இரும்புச்சத்து சரியாக உடம்பில் ஏறாது. கால்சியத்தைச் சாப்பாட்டோடு, காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று எடுங்கள். இரும்புச்சத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். குழந்தை பிறந்ததும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாதம் வரை தொடர வேண்டும். உங்கள் மருமகள் நிறுத்தியிருந்தால், இன்றைக்கே போய்க் கேளுங்கள்.