எரிச்சல் வந்த பக்கம்

அனைவருக்கும் வணக்கம்.

நடுவயதில் தன்னைத் தேடிப் புறப்படும் நாவல் என்றதும் ஒரு கதை மனத்தில் வந்துவிடும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வேலை அலுத்துவிட்டது, ஒருநாள் காலை நாயகி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். இங்கே சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடனையும் மகனின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வையும் சுமப்பவருக்கு, ‘இவளுக்கென்ன, கிளம்பிவிட்டாள்’ என்ற எரிச்சல்தான் முதலில் வரும். அந்த எரிச்சலைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

‘இவர் நம்மைப் போல’ என்ற ஒட்டுதல் பெரும்பாலும் நாயகியிடம் கிடைப்பதில்லை. அவள் விட்டுப்போன வீட்டில் மேசையைத் துடைக்கும் அக்காளிடம், கிழமைவாரியாக மாத்திரை அடுக்கும் மாமனாரிடம் கிடைக்கும். நாயகியின் மனத்தை ஆசிரியரே பக்கம் பக்கமாகச் சொல்லிவிடுகிறார். நமக்கு அங்கே வேலை இல்லை. மாமனாருக்கு நாலு வரிதான். மிச்சத்தை நாம் நிரப்ப வேண்டும். நிரப்ப நம் வீட்டுச் சரக்கைவிட்டால் வேறென்ன இருக்கிறது?

இனி வாசிக்கும் முறை. நூலகத்தில் இரவல் 21 நாள். 300 பக்க நாவலை எம்ஆர்டி ரயிலில் போகவரப் பத்துப் பத்துப் பக்கமாக வாசித்தால் 15 நாளில் முடியும். மீதி ஆறு நாளையும் மறுவாசிப்புக்கு வையுங்கள். முதல் வாசிப்பில் அழகான வரிகளைக் குறிக்க வேண்டாம். காரணமில்லாமல் கைப்பேசியை எடுத்த இடம், ஒரே வரியை இரண்டுமுறை படித்த இடம், தாவிப்போன பத்தி, இவற்றில் தாள்துண்டு வையுங்கள். பசையுள்ள ஒட்டுத்தாள் வேண்டாம், பழைய தாளைக் கிழித்துவிடும். தாவிப்போன பத்தியைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

ஆறு நாளில், குறித்த இடங்களை மட்டும், இரண்டு பக்கம் முன்னாலிருந்து படியுங்கள். வந்த உணர்ச்சிக்குத் தொல்காப்பியரின் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது மெய்யில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்றைப் பெயராக வையுங்கள்: நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை. ‘மனசை என்னவோ செய்தது’ என்று எழுதினால் அங்கேயே நின்றுவிடுவீர்கள். முதலில் வெகுளி என்று எழுதியதை மறுவாசிப்பில் அடித்து இளிவரல் என்று மாற்ற நேரலாம். இளிவரல் பிறக்கும் இடங்களாக அவர் சொல்பவை நான்கு: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. மென்மைக்கு வறுமை என்று பொருள் சொல்லும் உரையும் உண்டு. நாற்பத்தைந்து வயதுக்காரரின் கவலைகள் ஏறக்குறைய அந்த நான்கில் அடங்கிவிடும். ‘நடுவயது நெருக்கடி’ என்ற தொடரை உளப்பகுப்பாய்வாளர் எலியட் ஜாக்ஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1965இல்தான். அதற்காக, தொல்காப்பியர் எல்லாம் அன்றே சொல்லிவிட்டார் என்று கைதட்ட வேண்டாம். அவர் சொன்னது செய்யுளுக்கு. நாம் கருவியாக எடுத்துக்கொள்கிறோம்.

இப்போது அந்த முதல் எரிச்சலுக்கு வாருங்கள். அது நாயகி மீது வந்த வெகுளியா, கிளம்ப முடியாத நம் மீதே வந்த இளிவரலா?

ஒரு சறுக்கல் உண்டு. ‘இது அப்படியே என் கதை’ என்று தோன்றியதும் வாசிப்பு நின்றுபோகும். அதன்பின் பாத்திரம் என்ன செய்தாலும் நம் நியாயத்தைத்தான் அதில் தேடுவோம். ஆகவே அந்தப் பாத்திரம் நம்மிடமிருந்து வேறுபடும் மூன்று இடங்களை உடனே எழுதுங்கள். மூன்று கிடைக்கவில்லையா, நாலு வரியில் நீங்கள் அளவுக்குமேல் நிரப்பிவிட்டீர்கள்.

வாசகர் வட்டத்துக்கும் இதுவே. ‘நாயகி செய்தது சரியா?’ என்று தொடங்கினால் பத்தே நிமிடத்தில் அது குடும்பப் பஞ்சாயத்தாகிவிடும். ‘எந்தப் பக்கத்தில் மூடிவைத்தீர்கள்?’ என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு பக்க எண், அந்தப் பத்தியை உரக்க வாசிப்பது, ஒரு மெய்ப்பாடு. சொந்தக் கதையைச் சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம்.