கீறலா, விரிசலா? ரூன் எழுத்துகளைப் படிக்கிறவர்களின் வேலை

நேயர்களுக்கு வணக்கம். வட ஐரோப்பாவில், முக்கியமாக டென்மார்க், ஸ்வீடன், நார்வே நாடுகளில், கிறிஸ்து பிறந்ததை ஒட்டிய நூற்றாண்டுகளில் தொடங்கி இடைக்காலம் முடியும் வரை மக்கள் ஒருவகை எழுத்தை எழுதி வந்தார்கள். மரத்தில், எலும்பில், உலோகத்தில், கல்லில் வெட்டிய எழுத்து. அதற்கு ரூன் என்று பெயர். அதை ஆராய்கிற படிப்பு ரூனியல். இந்தப் படிப்பு எவ்வளவு கவனம் கேட்கிறது என்பதைச் சொல்ல, அது ஒரு பெரிய அறிஞரின் கையிலேயே சறுக்கிய ஒரு கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தெற்கு ஸ்வீடனில் பிளேக்கிங்கே என்ற பகுதி. அங்கே ரூனமோ என்னுமிடத்தில் ஒரு கரும்பாறைப் பட்டை தரையோடு தரையாக நீண்டு கிடக்கிறது. அதன் மேலெல்லாம் கோடுகள். 1200 வாக்கில் டென்மார்க்கின் வரலாற்றை லத்தீனில் எழுதிய சாக்ஸோ இந்தப் பாறையைக் குறிப்பிடுகிறார். மன்னர் வால்டெமார் ஆட்களை அனுப்பிப் படிக்கச் சொன்னாராம். போனவர்கள் ஒன்றும் விளங்காமல் திரும்பி வந்தார்களாம். அதற்கப்புறம் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பாறைக்கு ஒரு மதிப்பு இருந்தது: எழுத்து இருக்கிறது, படிக்கத்தான் ஆள் வரவில்லை.

1833-இல் டென்மார்க்கின் அறிவியல் கழகம் ஒரு குழுவை அங்கே அனுப்பியது. குழுவில் ஃபின் மாக்னுஸ்ஸன் இருந்தார். ஐஸ்லாந்துக்காரர், பழைய ஸ்காண்டிநேவிய இலக்கியத்தில் ஆழ்ந்த படிப்பாளி. நிலவியலாளர் ஃபோர்க்ஹாமரும் கூட வந்தார். பாறையை வரைந்து எடுத்துக்கொண்டு போனார்கள். மறுவருடம் மாக்னுஸ்ஸனுக்கு ஒரு யோசனை தோன்றியது: வலமிருந்து இடமாகப் படித்துப் பார்த்தால் என்ன? படித்தார். ஒரு பழைய போருக்கு முன், பழங்கதைகளில் வரும் ஹரால்ட் என்ற மன்னரின் வெற்றிக்காகச் சொல்லப்பட்ட செய்யுள் அப்படியே வந்து விழுந்தது. 1841-இல் அதைப் பற்றி 700 பக்கங்களைத் தாண்டிய நூலை வெளியிட்டார்.

வேதியியலின் பெரும்புள்ளியான பெர்சேலியுஸ் ஏற்கெனவே சந்தேகம் கிளப்பியிருந்தார். பிறகு வோர்சோ என்ற இளைஞர் நேரில் போய்ப் பாறையைப் பார்த்தார். 1844-இல், இருபத்து மூன்று வயதில், தன் முடிவை அச்சிட்டார். அந்தக் கோடுகள் எல்லாம் பாறையில் இயற்கையாக விழுந்த விரிசல்கள். ஒரு எழுத்துகூட அங்கே கிடையாது.

மாக்னுஸ்ஸன் ஏமாற்றுக்காரர் இல்லை. எப்படித் தவறினார் என்பதுதான் நமக்கு முக்கியம். ரூன் எழுத்தில் இரண்டு மூன்று எழுத்துகளை ஒரே தண்டில் சேர்த்து எழுதும் வழக்கம் உண்மையிலேயே உண்டு. கூட்டெழுத்து. பாறைக் கோடுகளை அவர் பெரும்பாலும் கூட்டெழுத்துகளாக எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொண்டால் எந்தச் சிக்கலான கோட்டுக்குள்ளும் வேண்டிய எழுத்தைக் காண முடியும். அவருக்கோ செய்யுள்கள் மனப்பாடம். மனதில் இருந்தது பாறையில் தெரிந்தது.

அதனால்தான் இன்றைய ரூனியலில் வேலையைப் படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதலில் கீறல். கல்லில் உண்மையாக என்ன வெட்டப்பட்டிருக்கிறது? இருட்டில் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார்கள், விரலால் தடவிப் பார்ப்பார்கள். அடுத்து, கண்ட எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடித்த லத்தீன் எழுத்தில் பெயர்த்து எழுதுவார்கள். ஐயமுள்ள எழுத்துக்கு அடியில் புள்ளி வைப்பார்கள். உடைந்து போனதை ஊகித்து நிரப்பினால் அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். அப்புறம் அந்தக் கால மொழியின் ஒலிப்புக்கு ஏற்பத் திருத்தி எழுதுவார்கள். பொருள் சொல்வது கடைசியில்தான். ஒவ்வொரு படியும் தனித்தனியாக அச்சில் இருப்பதால், வேறொருவர் வந்து "இந்த இடத்தில் நான் ஒப்புக்கொள்ளவில்லை" என்று விரல் வைத்துக் காட்ட முடியும். பார்க்கச் சலிப்பூட்டும் இந்த ஒழுங்கு எனக்கு இந்தத் துறையின் பெரிய அழகாகத் தெரிகிறது.

எழுத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய வரிசையில் 24 எழுத்துகள். எட்டாம் நூற்றாண்டை ஒட்டி ஸ்காண்டிநேவியாவில் அது 16 ஆகக் குறைந்துவிட்டது. மொழியில் ஒலிகள் பெருகிக்கொண்டிருந்த காலத்தில் எழுத்துகள் குறைந்தன! 24 தான் முந்தையது, 16 பிந்தையது என்பதையே பலர் நம்பவில்லை. டென்மார்க்கின் லுட்விக் விம்மர் 1874-இல் அதை உறுதியாக நிலைநாட்டினார்.

16 எழுத்துகளில் ககரத்துக்கு ஒன்றுதான் உண்டு, அதன் மென்மையான ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது. இது தமிழருக்குப் புதிதில்லை. கல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே 'க'வை எழுதி மூன்று விதமாக ஒலிக்கிறோம், யாரும் தடுமாறுவதில்லை. ஆனால் ரூனில் சிக்கல் இன்னும் அதிகம். உகர எழுத்தே ஒகரத்துக்கும் வரும். மெய்க்கு முன்னால் வரும் மூக்கொலியைப் பல இடங்களில் விட்டுவிடுவார்கள். யெல்லிங் கல்லில் 'கோர்ம்' என்ற மன்னரின் பெயர் 'குர்ம்' என்றுதான் வெட்டப்பட்டிருக்கிறது. மன்னனைக் குறிக்கும் 'கொனுங்க்ர்' என்ற சொல் 'குனுக்ர்' என்று நிற்கிறது. தெரிந்த பெயர் என்றால் பரவாயில்லை. வேறெங்கும் வராத ஒரு பெயர் இப்படி எழுதப்பட்டிருந்தால், ஐந்தாறு விதமாகப் படிக்கலாம். அறிஞர்கள் சண்டை போடுவதில் ஆச்சரியம் என்ன?

யெல்லிங் என்றேன் அல்லவா, அது டென்மார்க்கில் உள்ள ஊர். அங்கே இரண்டு கற்கள் நிற்கின்றன. சிறியது, மன்னர் கோர்ம் தன் மனைவி தூராவின் நினைவாக எழுப்பியது. பெரியது, அவர்கள் மகன் ஹரால்ட் தாய் தந்தையர் இருவருக்கும் எழுப்பியது. டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் வென்றவன், டேனியர்களைக் கிறிஸ்தவர் ஆக்கியவன் என்று தன்னையும் அதில் சொல்லிக்கொள்கிறார். பத்தாம் நூற்றாண்டு. நம் கைப்பேசியில் இருக்கும் புளூடூத் சின்னம் இந்த ஹரால்டின் பெயருக்கும் பட்டப்பெயருக்கும் உரிய இரண்டு ரூன்களைச் சேர்த்து வரைந்ததுதான்.

அந்த வட்டாரத்திலேயே லேபோர்க் என்ற ஊரில் இன்னொரு கல். ராவ்னுங்கே தூவெ என்பவர் 'தன் அரசியான தூராவின் நினைவாக' இந்த ரூன்களை வெட்டினார் என்கிறது. இந்தத் தூரா அந்தத் தூராதானா? நூறு ஆண்டுகளுக்கு மேல் வாதம் நடந்தது. பெயர் ஒன்றாக இருப்பதை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. இங்கேதான் கீறலையே முதலில் பார் என்ற பழக்கம் கைகொடுத்தது. டேனிய தேசிய அருங்காட்சியகத்தின் லிஸ்பெத் இமரும் ஸ்வீடனின் லைலா கிட்ஸ்லர் ஓஃபெல்ட்டும் சேர்ந்து கற்களை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்தார்கள். உளி இறங்கிய கோணம், குழியின் ஆழம், அடிக்கும் அடிக்கும் இடையே விழுந்த தூரம் இவற்றை அளந்தார்கள். கல் வெட்டுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கைவாகு உண்டு, அது கல்லில் பதிந்துவிடுகிறது. 2023-இல் வந்த முடிவு: லேபோர்க் கல்லையும் யெல்லிங்கின் பெரிய கல்லையும் வெட்டியது ஒரே கை. அப்படியானால் தூராவும் ஒருவரே என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைத்துவிட்டது. தூராவின் பெயர் நான்கு கற்களில் வருகிறது என்று ஆகிறது. கணவர் கோர்மின் பெயர் அத்தனை கற்களில் இல்லை. ஹரால்டின் தாய் அந்நாட்டில் எவ்வளவு செல்வாக்குள்ளவராக இருந்திருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் திரும்ப யோசிக்கிறார்கள். பெயரை மட்டும் ஆயிரம் முறை படித்தாலும் இது தெரிந்திருக்காது.

சில சமயம் கீறலே நம்மிடம் இல்லை. டென்மார்க்கில் கல்லேஹூஸ் என்ற இடத்தில் 1639-இலும் 1734-இலும் இரண்டு தங்கக் கொம்புகள் கிடைத்தன. இரண்டாவதில் பழைய 24 எழுத்து வரிசையில் ஒரு வரி இருந்தது. செய்தவர் தன் பெயரைச் சொல்லி, இந்தக் கொம்பை நான் செய்தேன் என்று எழுதியிருந்தார். 1802-இல் ஒரு திருடன் இரண்டையும் எடுத்துப் போய் உருக்கிவிட்டான். இன்று நாம் படிப்பது அந்தக் காலத்தில் வரைந்து வைத்த படங்களை நம்பித்தான். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்வீடனில் பூரேயுஸும் டென்மார்க்கில் ஓலே வோர்மும் ஊர் ஊராகக் கற்களைத் தேடிப் படம் வரைய ஆரம்பித்திருக்காவிட்டால் இழப்பு இன்னும் பெரிதாக இருந்திருக்கும். அவர்களுடைய விளக்கங்களில் பலவற்றை இன்று யாரும் ஏற்பதில்லை. படங்களுக்காக மட்டும் அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ரூன் என்றாலே மந்திரம், மாயம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. இந்த எண்ணத்துக்கு ஒரு கெட்ட வரலாறும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவைச் சேர்ந்த குய்டோ ஃபான் லிஸ்ட் என்பவர் 18 எழுத்துகள் கொண்ட ஒரு வரிசையைத் தானே கற்பனை செய்து, அதைப் பழைய ரகசிய ஞானம் என்றார். அந்த மாதிரிக் கற்பனைகளை நாஜிகள் எடுத்துத் தங்கள் சீருடையில் தைத்துக்கொண்டார்கள். சாதாரண மனிதர்கள் தம் தகப்பனுக்கும் மகனுக்கும் கல் நட்டுப் பெயர் எழுதிய எழுத்தின் மேல் அந்தக் கறை விழுந்தது. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

அந்த மந்திர எண்ணத்துக்குச் சரியான பதில் நார்வேயின் பெர்கன் நகரத்து மண்ணுக்குள் இருந்தது. 1955-இல் அங்கே ப்ரிக்கன் என்ற பழைய துறைமுகத் தெருவில் பெரிய தீ. எரிந்த இடத்தைத் தோண்டத் தொடங்கியவர்கள் பல ஆண்டுகள் தோண்டினார்கள். ஏறக்குறைய 670 ரூன் பொறிப்புகள் கிடைத்தன. பெரும்பாலானவை மரக்குச்சிகள். ரூன் எழுத்தில் படுக்கைக் கோடு கிடையாது, நிமிர்ந்த கோடும் சாய்ந்த கோடும்தான், மரத்தின் நார் ஓடும் திசையில் வெட்டினால் கோடு தெரியாது என்பதால். அந்த வடிவமே மரத்துக்காகப் பிறந்தது என்று ஏற்கெனவே ஊகித்திருந்தார்கள். இதோ அந்த மரம் கண்முன் வந்துவிட்டது.

அதில் என்ன எழுதியிருக்கிறது? சரக்கு மூட்டையில் கட்டும் அட்டைபோல ஆட்களின் பெயர். ஒரு வியாபாரி தன் கூட்டாளிக்கு எழுதிய கடிதம்: பீரும் இல்லை, மீனும் இல்லை, என்னை நெருக்காதே என்கிறார். அன்பே, எனக்கு முத்தம் கொடு என்று ஒரு குச்சி. இன்னொன்றில், நீ வீட்டுக்குப் போக வேண்டும் என்று கீதா சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறது. கீதா அங்கே வழங்கிய பெயர், நம்மூர்ப் பெயரோடு தொடர்பில்லை. அதே குச்சியில் பதில் எழுதப் பார்த்திருக்கிறார் யாரோ. அந்தக் கிறுக்கலைப் படிக்கவே முடியவில்லை, மதுக்கடையில் உட்கார்ந்து எழுதியிருப்பார் என்று சொல்வார்கள். இவை எல்லாம் லத்தீன் எழுத்து நன்றாக வேரூன்றிய பின்பு, பதினான்காம் நூற்றாண்டிலும்கூட எழுதப்பட்டவை. கிறிஸ்தவம் வந்ததும் ரூன் மறைந்தது என்ற பழைய பாடத்தைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

எல்லாவற்றிலும் கடினமான கல் ஸ்வீடனின் ரோக் கல். ஒன்பதாம் நூற்றாண்டு. ஏறக்குறைய 760 எழுத்துகள், கல்லின் ஐந்து பக்கங்களிலும். வாரின் என்ற தகப்பன் இறந்துபோன மகன் வாமூதுக்காக எழுதியது. மகன் பெயருக்கு அப்புறம் புதிர் மேல் புதிராகப் போகிறது, சில இடங்களில் பழைய எழுத்து, சில இடங்களில் மறைகுறி. 1878-இல் நார்வேயின் சோஃபுஸ் புக்கே முதல் முழு விளக்கம் தந்தார். அதில் கோத்திய மன்னர் தியோடரிக்கின் பெயர் வருகிறது என்று வெகு காலம் நம்பினார்கள். 2020-இல் பெர் ஹோல்ம்பெர்க் தலைமையில் ஒரு குழு அதை மறுத்தது. கி.பி. 536-ஐ ஒட்டி எரிமலைச் சாம்பலால் சூரியன் மங்கி, பயிர் பொய்த்து, பஞ்சம் வந்த நினைவு அங்கே இருக்கிறது என்றார்கள். அந்தக் குளிர்காலம் மீண்டும் வருமோ என்ற பயம்தான் கல்லில் பேசுகிறது என்பது அவர்கள் வாதம். எல்லோரும் ஏற்கவில்லை. எனக்கு அது மிகவும் ஈர்ப்பாக இருக்கிறது, ஆனால் ஈர்ப்பு ஆதாரம் ஆகாது. ஒன்றைக் கவனியுங்கள்: எந்த இடத்தில் என்ன எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது என்பதில் பெரும்பாலும் சண்டை இல்லை. பொருளில்தான் சண்டை. ரூனமோவுக்கும் ரோக்குக்கும் இடையே துறை நடந்த தூரம் அதுதான்.

ஆர்வமுள்ளவர்கள் தாங்களே பார்க்கலாம். ஸ்வீடனின் தேசியத் தொல்பொருள் துறை 'ரூனோர்' என்ற தளத்தை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு கல்லுக்கும் மாகாணத்தின் எழுத்தும் ஒரு எண்ணும் உண்டு. நான் சொல்வேன், உப்லாந்து மாகாணத்துக் கல் யூ 344-இலிருந்து தொடங்குங்கள். உல்ஃப் என்பவர் இங்கிலாந்தில் மூன்று முறை கப்பம் வாங்கி வந்தார். முதலில் கொடுத்தது தோஸ்தி, பிறகு தோர்கெல், பிறகு மன்னர் க்னூத் என்று அதில் வெட்டியிருக்கிறது. எழுத்துகள் தெளிவு. படத்தில் கோட்டைத் தொடர்ந்து போய், க்னூத்தின் பெயர் எங்கே வருகிறது என்று நீங்களே கண்டுபிடித்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.