மேவ்! மேவ்! மேவ்!

வணக்கம் மக்களே. போன வீடியோ பார்த்தவர்களிடம் முதலில் ஒரு மன்னிப்பு. பன்னிரண்டு நிமிடமும் ஒரு ஐரிஷ் நீராவி எஞ்சினின் பெயரை 'மேத்ப்', 'மேத்ப்' என்று, ஏதோ டப்ளினிலேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி அழுத்தி அழுத்திச் சொல்லியிருக்கிறேன். அது மேவ்! இன்று பெல்ஃபாஸ்ட் பக்கத்தில் கல்ட்ராவில், அல்ஸ்டர் போக்குவரத்து அருங்காட்சியகத்தில், அந்த 800-ஆம் எண் நீராவி எஞ்சின் முன்னாலேயே நின்று கேமராவுக்கு 'மேத்ப்' என்றேன். பக்கத்தில் நின்ற பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திருத்தினார். மானம் போச்சு.

ஆனால் என் மேல் முழுத் தப்பும் இல்லை. பெயர்ப்பலகை பழைய ஐரிஷ் எழுத்தில் இருக்கிறது, எழுத்துகளின் தலையில் புள்ளி! நம் புள்ளி வைத்தால் உயிர் போய் மெய் நிற்கும். அவர்கள் புள்ளி வைத்தால் 'ப' போய் 'வ' ஆகிவிடுகிறது, 'த'வோ சத்தமே இல்லாமல் காணாமல் போகிறது. தமிழனுக்குப் புள்ளியைக் காட்டி ஏமாற்றினால் எப்படி?

மேவ் யார் என்றால், ஐரிஷ் பழங்கதைகளில் வரும் கொனாக்ட் நாட்டு ராணி. ஒரே ஒரு காளைக்காகப் படை திரட்டிப் போனவள். வெட்சிப் பூ சூடாத குறைதான்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். கிரேட் சதர்ன் ரயில்வேஸ் டப்ளின் இஞ்சிகோர் பணிமனையில் 1939, 40-இல் செய்தது, மொத்தமே மூன்று. சக்கரம் 6 அடி 7 அங்குலம், என்னைவிட உயரம், அதனால்தான் தம்ப்நெயிலில் நான் குழந்தை மாதிரி தெரிகிறேன். எடை 84 டன். அந்தக் கனத்துக்கு டப்ளின்–கார்க் பாதையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. பாவம், வந்த நேரமும் சரியில்லை, உடனே உலகப் போர், நல்ல நிலக்கரிக்கே தட்டுப்பாடு. போர் முடிந்து மூச்சு விடுவதற்குள் 1950-களில் டீசல் வந்துவிட்டது. டீசலைப் பற்றி என் அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும், மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன்! இதற்கு மூன்று சிலிண்டர், ஒன்று எஞ்சினின் இரும்புச் சட்டகத்துக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. சாதாரண இரண்டு சிலிண்டர் எஞ்சின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற நான்கு முறை 'புஸ்' என்றால் இது ஆறு முறை. அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் எனக்கு ஆசை, இதுவோ அசையாமல் பளபளவென்று பச்சையாக நிற்கிறது. மற்ற இரண்டும் பழைய இரும்புக்குப் போய்விட்டன.

அந்த இரண்டில் 801-இன் பெயர் மாக்கா. அதில் 'க' தலையில் ஒரு புள்ளி, அதையும் அந்தப் பெரியவரிடமே சொல்லிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டேன். 802-இன் பெயரை மட்டும் நான் சொல்லவே போவதில்லை. டி, ஏ, ஐ, எல், டி, ஈ. நீங்களே சொல்லிப் பாருங்கள்.