கடுகளவு சுரப்பியும் ஒரு சொட்டு ரத்தமும்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, வெயிலையும் பார்க்காமல் முதல் ஆளாக வந்து அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பந்தலும் மைக்செட்டும் தந்துதவிய வணிகப் பெருமக்களே, கிராம சுகாதாரச் செவிலியர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

தைராய்டு, அட்ரினல், கணையம் மூன்றையும் பேசுவதாக நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். சரி, தைராய்டிலிருந்து தொடங்குவோம்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி வெறும் அரை கிராம்தான். அதற்கு மேலே ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி. அது டி.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கும், அது கழுத்துக்கு வந்து அங்கிருக்கும் தைராய்டு சுரப்பியை முடுக்கும், மூளை வளர்ச்சிக்குத் தேவையான தைராக்சின் என்ற ஹார்மோன் ஊறும். ரத்தத்தில் தைராக்சின் போதுமான அளவு ஏறிவிட்டால் மேலிடம் இரண்டும் அடங்கிவிடும். குறைந்தாலோ, டி.எஸ்.எச். ஏறிக்கொண்டே போகும். இதை மனதில் வையுங்கள்.

அந்த டி.ஆர்.எச்.சைப் பிடித்த கதை கேளுங்கள். ரோஜர் கில்லெமின், ஆண்ட்ரூ ஷாலி என்று இருவர். அமெரிக்காவில் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள், பிரிந்து போட்டியாளர்கள் ஆனார்கள். ஒருவர் ஆட்டு மூளை, இன்னொருவர் பன்றி மூளை! கசாப்புக் கூடங்களிலிருந்து வண்டி வண்டியாக வரும். லட்சக்கணக்கான மூளைத் துணுக்குகளை அரைத்து வடித்தால் மிஞ்சுவது மில்லிகிராம் கணக்கு. ஆண்டுக்கணக்கில் அரைத்தார்கள். 1969இல் இரு தரப்பும் விடை கண்டன: மூன்றே அமினோ அமிலங்கள்! கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சும்மாவா சொன்னார்கள்? 1977இல் இருவருக்கும் நோபல். அவர்களோடு பரிசு பெற்ற ரோசலின் யாலோ, துளி ரத்தத்தில் ஹார்மோனை அளக்கும் முறையைத் தந்த அம்மையார்.

அந்தத் துளிக்காகத்தான் நான் மேடை மேடையாக ஏறுகிறேன். நம் நாட்டில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவியிலேயே தைராய்டு சரியாக இயங்காது. தாயின் தைராக்சின் கருவில் ஓரளவு காப்பாற்றியிருப்பதால் பிறக்கும்போது குறை தெரியாது. தெரியும்போது மூளை வளர்ச்சி குன்றியிருக்கும். பிறந்து 48 மணி நேரம் கழித்துக் குதிகாலில் குத்தி, வடிகட்டித் தாளில் ஒரு சொட்டு எடுத்தால் போதும், ஏறியிருக்கும் டி.எஸ்.எச். காட்டிக்கொடுத்துவிடும். கனடாவின் கியூபெக்கில் 1974லேயே தொடங்கியது இது. பக்கத்துக் கேரளத்தில் அரசு மருத்துவமனைகளில் நடக்கிறது. இரண்டு வாரத்துக்குள் தைராக்சின் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து கொடுக்கத் தொடங்கினால் அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலப் படிக்கும், ஓடும்.

அட்ரினலும் கணையமும் அடுத்த கூட்டத்தில். நம் பிரசவ வார்டு ஒவ்வொன்றிலும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கக் கோரும் மனு பந்தல் வாசலில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் செவிலியரிடம் இன்றே கேட்டு வையுங்கள். நன்றி, வணக்கம்.