பித்தா என்று அடியெடுத்துக் கொடுத்தவன்

(யாங்கோனில் ஆடிச் சுவாதி குருபூஜை மாலை, கோயில் மண்டபத்தில் பேசியது)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். கையில் தாள் வைத்திருக்கிறேன், பார்த்துத்தான் படிக்கப் போகிறேன். "இத்தனை வருஷம் கோயில் கணக்கு எழுதுகிறவருக்கு நாலு வார்த்தை நின்று பேசத் தெரியாதா?" என்று பின்வரிசையில் யாருக்காவது தோன்றினால், சரிதான், அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

இந்த ஊர்ப் பயிநவுங் சந்தையில் ஒரு பருப்புக் கிட்டங்கியில் நான் கணக்குப்பிள்ளை. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. உளுந்து, துவரை, பாசிப்பயறு எல்லாம் அங்கிருந்துதான் கப்பலேறும். நம் உளுந்து போகாவிட்டால் சென்னையில் இட்லியே கிடையாது என்று தரகர்கள் பெருமையடிப்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் இந்தியா வெளியிலிருந்து வாங்கும் உளுந்தில் பெரும்பகுதி பர்மா உளுந்து என்பது உண்மை. மூட்டைக் கணக்கு, லாரி நம்பர், போன வருஷம் இதே மாதம் வீசை என்ன விலை போனது, எதைக் கேட்டாலும் ஏட்டைப் புரட்டாமல் சொல்வேன். "நேற்று அவர் என்ன சொன்னார், அதுக்கு நீ என்ன சொன்னே?" என்று கேட்டுப் பாருங்கள், வாயடைத்துப் போய்விடும்.

ஒரு மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். உளுந்தில் இரண்டு தரம் உண்டு என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். எஃப்.ஏ.க்யூ. என்றால் நடுத்தரம். எஸ்.க்யூ. மேல்தரம், விலையும் கூடுதல். வாங்குகிறவர் தரப்பிலிருந்து ஃபோன் வந்தது, நான்தான் பேசினேன், ஏட்டில் எஃப்.ஏ.க்யூ. என்று எழுதினேன். சரக்கு போய் இறங்கிய பிறகு அவர் நேரில் வந்துவிட்டார். "எஸ்.க்யூ. தர்றேன்னுதானே உங்க ஆள் சொன்னாரு?" என்கிறார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். நடுவில் தரகர் ஒருவர், வாசலில் எட்டிப் பார்க்கிற மூட்டைத் தொழிலாளிகள். "ஃபோன்ல என்ன பேசினே, சொல்லு."

நான் அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் என்ன சொன்னேன்? எங்கிருந்து ஆரம்பிப்பது? மறந்து போகவில்லை, அதுதான் விசித்திரம். ஐந்நூறு மூட்டை அடுக்கியிருக்கிறது, ஒன்றிலும் சீட்டு இல்லை, அப்படி ஒரு நிலை. அவர் குரல் ஏறுகிறது, முதலாளி முகத்தைப் பார்க்க வேண்டும், தரகர் குறுக்கே ஏதோ கேட்கிறார், மேலே ஃபேன் கடகடவென்று அடித்துக்கொள்கிறது. இத்தனையும் ஒரே நேரத்தில் உள்ளே வருகிறபோது வெளியே ஒரு சொல் வராது. கடைசியில் "தப்பு எம்மேலதான் இருக்கும்" என்றேன். பேசாமல் நிற்பதைவிட அது சுலபமாக இருந்தது. விலை வித்தியாசத்தை மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

நாலாம் நாள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன். நல்ல மழை. தெருவோரக் கடையில் ஒரு பையன் நீலத் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தான். அவ்வளவுதான், மொத்தமும் வந்துவிட்டது. அன்றைக்கு நான் ஃபோன் பேசும்போது எங்கள் பையன் லாரிமேல் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தான். ஃபோனைக் காதிலிருந்து எடுத்து "இழுத்துக் கட்டுடா" என்று கத்தினேன். திரும்பக் காதில் வைத்து, "எஃப்.ஏ.க்யூ.தான் அண்ணே, எஸ்.க்யூ. இப்பக் கையில இல்ல" என்றேன். அவர் ஒருமுறை இருமிவிட்டு "ம், அனுப்புங்க" என்றார். இருமல் முதற்கொண்டு ஞாபகம் வந்தது. வந்து என்ன செய்ய? நாலு நாள் கழித்துப் போய்ச் சொன்னால், உட்கார்ந்து யோசித்துக் கதை கட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்பார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

2016இல் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகச் சென்னை போயிருந்தபோது, தங்கை மகன்தான் "மாமா, நீங்களும் ஒரு டாக்டரைப் பாருங்க" என்று வற்புறுத்தி அழைத்துப் போனான். டாக்டர் காகிதத்தில் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்று எழுதினார். மூளை பிறவியிலேயே கொஞ்சம் வேறு விதமாக வேலை செய்வதற்கு அப்படிப் பெயர். வாயால் சொல்லும்போது "முன்னெல்லாம் இதை ஆஸ்பெர்கர்னு சொல்லுவோம்" என்றார். வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற குழந்தை மருத்துவர் 1944இல் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதினார். லண்டனில் லோர்னா விங் 1981இல் அவர் பெயரையே இதற்கு வைத்தார். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அந்தத் தனிப்பெயரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஆட்டிசத்துக்குள் சேர்த்துவிட்டது. அந்த ஆஸ்பெர்கர், நாஜி ஆட்சியில் குழந்தைகளைக் கொன்ற ஒரு விடுதிக்குச் சில பிள்ளைகளை அனுப்பி வைத்தவர் என்பது 2018இல் ஆவணங்களோடு வெளிவந்தது. அதனால் அந்தப் பெயரையே சொல்லக் கூடாது என்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அந்த மனிதர்மேல் பிரியம் இல்லை. ஆனால் நாற்பத்தொரு வயதில் கிடைத்த பெயர், நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்த ஞாபக விஷயத்துக்கு வருகிறேன். லண்டனில் டெர்மாட் பௌலர் என்ற ஆராய்ச்சியாளர் 1990களிலிருந்து இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். சில சொற்களைக் காட்டிவிட்டு "ஞாபகம் இருப்பதைச் சொல்லு" என்று பொதுவாகக் கேட்டால் எங்களைப் போன்றவர்கள் தடுமாறுகிறோம். ஒரு குறிப்பு கொடுத்துக் கேட்டால் மற்றவர்களுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறோம். லாரா கிரேன், லோர்னா காடார்ட் என்ற இருவர் 2008இல் சொந்த வாழ்க்கை நினைவுகளைக் கேட்டுப் பார்த்தார்கள். எங்கே படித்தோம், எங்கே வேலை பார்த்தோம் என்ற தகவலில் குறையில்லை. குறிப்பிட்ட ஒரு நாளில் நடந்ததைச் சொல்லச் சொன்னால்தான் இடறுகிறது. எல்லாருக்கும் மறக்கத்தானே செய்கிறது என்பீர்கள். ஆமாம். எல்லாருக்கும் மூச்சு வாங்கும், அதற்காக ஆஸ்துமாக்காரனை மாடிப்படியில் ஓடச் சொல்வோமா?

சரி, இன்றைக்கு யாருடைய நாள்? சுந்தரருடைய நாள். அந்தக் கதையில் எல்லாரும் பக்தியைப் பார்க்கிறீர்கள். நான் கணக்குப்பிள்ளை, எனக்கு அதில் வழக்குத்தான் தெரிகிறது. சுந்தரரின் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்திருக்கிறான்" என்று ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசிவிட்டு ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழவர் அசரவில்லை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது! இறைவனே வழக்குக்கு வந்தாலும் வாய்ப்பேச்சை நம்பி வரவில்லை பாருங்கள்.

அதுகூடப் பெரிதில்லை. வழக்கு முடிந்து, வந்தது சிவபெருமான் என்று தெரிந்து, "பாடு" என்கிறபோது சுந்தரர் திகைத்து நிற்கிறார். என்ன சொல்லிப் பாடுவது என்று தெரியவில்லை. அப்போது சுவாமி "இது கூடத் தெரியாதா?" என்று கேட்கவில்லை. "சண்டையில் என்னைப் பித்தன் என்றாயே, அதையே வைத்துப் பாடு" என்கிறார். ஒரு சொல்தான். அதுவும் சண்டையிலிருந்தே எடுத்துக் கொடுத்த சொல். பாட்டு வந்துவிட்டது. பௌலர் சோதித்துப் பார்த்ததும் ஏறக்குறைய இதைத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அடியெடுத்துக் கொடுப்பது வேறு, வாயில் திணிப்பது வேறு. "எஸ்.க்யூ.ன்னுதானே சொன்னே?" என்பது திணிப்பது. "அன்னைக்கு மழை பெய்ஞ்சுதே, நீ எங்க நின்னு ஃபோன் பேசினே?" என்பது அடியெடுத்துக் கொடுப்பது. முதலாளி இந்த இரண்டாவதைக் கேட்டிருந்தால் தார்ப்பாய் அன்றைக்கே வந்திருக்கும், மூன்று மாதச் சம்பளம் தங்கியிருக்கும். சாட்சிகளைக் கண்ணை மூடி அந்த இடத்துக்கு மனசால் போய்ப் பார்க்கச் சொல்வது வெளிநாட்டுப் போலீஸ் விசாரணையில் ஒரு முறை. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அது உதவவில்லை என்று கேட்டி மராஸும் பௌலரும் 2010இல் எழுதினார்கள். பிறகு மராஸ் வேறு வழி பார்த்தார். நடந்ததை முதலில் துண்டு துண்டாக அவர்களையே பெயரிடச் சொல்லி, பிறகு ஒவ்வொரு துண்டாக விசாரிப்பது. அதில் கூடுதலாகச் சொன்னார்கள். பிள்ளைகள் நடந்ததைப் படமாக வரைந்துகொண்டே சொன்னால் நன்றாக வருகிறது என்று 2015இல் இன்னொரு ஆய்வு. நம் பள்ளிக்கூடத்தில் "யார் முதல்ல அடிச்சது? இப்பவே சொல்லு" என்று பிள்ளையை நிறுத்திக் கேட்கிறோமே, அதில் வாய்த்துடுக்கு உள்ளவன்தான் எப்போதும் ஜெயிப்பான். ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்துப் பாருங்கள்.

வீட்டிலும் இது உண்டு, மறைக்கவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த புதிதில், எதைப் பேசினாலும் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். வீட்டம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன கேஸா போட்டிருக்கேன்? புருஷன் பொண்டாட்டி பேசுறதுக்கு மகஜர் எழுதுறீங்களே!" அவள் சொன்னதும் நியாயம்தான். இப்போது அவளே ஒரு வழி வைத்திருக்கிறாள். சண்டை முற்றினால் அன்றைக்கு நிறுத்திவிடுவாள். மறுநாள் காலையில் டீயை வைத்துவிட்டு, "நேத்து குழம்பு கொதிச்சுக்கிட்டிருந்துச்சே, அப்ப உங்க தம்பியப் பத்தி ஒண்ணு சொன்னீங்க" என்று தொடங்குவாள். குழம்பு என்றதும் எனக்கு மிச்சமும் வந்துவிடும். பல சமயம் தப்பு என் பேரில்தான் இருக்கும், அது வேறு விஷயம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தாமதமாக வருகிற ஞாபகமெல்லாம் சத்தியம் என்று நான் சாதிக்க மாட்டேன். இரண்டு நாள் உருட்டினால் யாருக்கும் தன் பக்கம் கொஞ்சம் பளபளப்பாகிவிடும், எனக்கும்தான். அதனால் இப்போது ஃபோனை வைத்த கையோடு, பேசிய விலையையும் தரத்தையும் வைபரில் அவருக்கே அனுப்பிவிடுகிறேன். "சரி" என்று ஒரு பதில் வந்தால் போதும், அதுதான் என் மூல ஓலை. சில பேர் "என்ன, எங்கமேல நம்பிக்கை இல்லையா?" என்கிறார்கள். என்மேல் இல்லை அண்ணே என்பேன்.

கேள்வி கேட்பது வழக்கம் என்று செயலாளர் சொன்னார். கேளுங்கள், ஆனால் இப்போது வேண்டாம். செருப்பு விடுகிற இடத்தில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றும் துண்டுச் சீட்டும் வைத்திருக்கிறேன். எழுதிப் போட்டுவிட்டுப் போங்கள். தமிழில் எழுத வராத பிள்ளைகள் பர்மிய மொழியில் எழுதலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்ததும் இதே இடத்தில் பதில் படிக்கிறேன்.