ஞாயிறு தவிர மற்ற நாள்களில் ஒரு சிற்றூர்ப் பங்கு: நேயர் கேள்விக்கு விளக்கம்

அன்பார்ந்த நேயர்களே, இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. திருவழிபாட்டு ஆண்டைப் பற்றிப் பேசிய சென்ற பதிவுக்குப் பல கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று சில நாள்களாக என்னை உறுத்திக்கொண்டே இருப்பதால், வரிசையைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் அதை எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர் சென்னைவாசி, காலையும் மாலையும் பூசை நடக்கும் பெரிய பங்கை, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கிறிஸ்தவச் சமூகத்தைச் சேர்ந்தவர். மனைவியின் ஊரான சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூருக்கு ஒரு வியாழக்கிழமை போனவர், கோயில் பூட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். "ஞாயிற்றுக்கிழமை ஒரு பூசை வைத்துவிட்டால் அங்குள்ள பங்குச் சாமியாருக்கு வாரம் முழுவதும் வேறு என்ன வேலை? மாதத்தில் இரண்டு ஞாயிறு பூசையே கிடையாது என்கிறார்களே, அந்த மக்களுக்கு ஞாயிறு கடன் எப்படித் தீரும்?" என்று கேட்டிருக்கிறார். கேள்வியில் இருக்கும் குத்தலை விட்டுவிட்டுச் செய்தியை மட்டும் பார்ப்போம். ஞாயிறுதோறும் பூசை காண வேண்டிய கடமையைத்தான் கடன் என்கிறோம். அது தீர்வதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நகரத்தில் பங்கு என்றால் பெரும்பாலும் ஒரு கோயில். நாட்டுப்புறத்தில் பங்கு என்றால் ஒரு தாய்க்கோயிலும் அதைச் சுற்றிய கிளைக்கிராமங்களும். 1987-இல் மதுரையிலிருந்து பிரிக்கப்பட்ட, ஆயர் (பிஷப்) ஒருவரின் பொறுப்பில் உள்ள சிவகங்கை மறைமாவட்டம், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கிறது. கண்மாய்க் கரைகளுக்கும் சீமைக்கருவேலங் காடுகளுக்கும் இடையே இருபது வீடு, முப்பது வீடு என்று சிதறிக் கிடக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஊருக்கொரு சிற்றாலயம் கட்டிவிடலாம். ஊருக்கொரு குருவைக் கொடுக்க முடியாது. ஒரு குரு நாளுக்கு ஒரு திருப்பலி (பூசை) நிறைவேற்றுவதே திருச்சபைச் சட்டத்தின் 905-ஆம் எண் கூறும் பொதுவிதி. குருக்கள் குறைவான இடத்தில், ஆயரின் அனுமதியோடு, தகுந்த காரணத்துக்காக நாளுக்கு இரண்டும், தேவை கட்டாயப்படுத்தினால் ஞாயிறுகளிலும் கடன் திருநாள்களிலும் மூன்றும் நிறைவேற்றலாம் என்று அதே எண் இடம் தருகிறது. ஆகவே எட்டுக் கிளைக்கிராமங்களை வைத்திருக்கும் ஒரு பங்குத்தந்தை, சனிக்கிழமை மாலை ஓர் ஊர், ஞாயிறு விடியலில் இன்னோர் ஊர், எட்டு மணிக்குத் தாய்க்கோயில், பத்தரைக்கு மற்றோர் ஊர் என்று வண்டியில் ஓடினாலும், மிச்சமிருக்கும் ஊர்களுக்கு அடுத்த ஞாயிறுதான் வாய்க்கும். ஞாயிறுதோறும் ஒரு திருப்பலியை அவர் தம் பங்கு மக்களுக்காகவே ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று 534-ஆம் எண் சொல்கிறது. அந்தப் பூசைக்கு யாரும் தம் சொந்த வேண்டுதலைக் கருத்தாகக் கொடுத்துக் காணிக்கை கட்ட முடியாது.

வார நாள்களில், காலைப் பூசை முடிந்து குரு தாம் தங்கும் அறைவீட்டுக்குத் திரும்பும்போதே திண்ணையில் ஆள்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலோர் வருவது செபத்துக்காக அல்ல, காகிதத்துக்காக. திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு அங்கேயே திருமணம் பேசி முடித்திருப்பார்கள். அந்த ஊர்ப் பங்குத்தந்தை ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டிருப்பார். தாயிடம் தேதி கேட்டால், "வைகாசியிலே சாமி, கண்மாய் உடைஞ்ச வருசம்" என்பார். பழைய பேரேட்டைப் பிரித்து, பழுப்பேறிய மையில் எழுதப்பட்ட வரிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனால், ஆதார் அட்டையில் அனிதா என்றிருப்பவள் அங்கே அன்னம்மாள் என்று இருப்பாள். பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் ஆகியவற்றை ஒத்துப் பார்த்துத்தான் ஆளை உறுதி செய்ய வேண்டும். அந்த வரியின் ஓரத்தில் காலியாக விடப்பட்டிருக்கும் கட்டம் முக்கியமானது. உறுதிபூசுதல், திருமணம் ஆகியவை எந்த ஊரில் நடந்தாலும் செய்தி திரும்பி வந்து ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் ஏற வேண்டும் என்பது 535-ஆம் எண் இட்டிருக்கும் ஒழுங்கு. ஏற்கெனவே மணமானவர் அதை மறைத்து வேறு ஊரில் மறுமணம் செய்துவிடாமல் காப்பது அந்தச் சிறு கட்டமும், மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கப்படும் அறிவிப்பான திருமண ஓலையும்தான். இதை முடித்து எழுந்தால் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுவதாகத் தலைமை ஆசிரியை வந்து நிற்பார். பிற்பகலில் ஓர் அடக்கம் வரும். அண்ணன் தம்பி வரப்புத் தகராறு ஒன்றும் வராமல் போகாது. இவற்றை நீட்டிச் சொல்ல நான் விரும்பவில்லை.

வாரத்துக்கென்று ஒரு பக்தி வரிசையும் உண்டு. செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்குரியது. அவர் 1231-ஆம் ஆண்டு ஜூன் 13 வெள்ளிக்கிழமை இறந்து, அடுத்து வந்த செவ்வாயன்று அடக்கம் செய்யப்பட்டார் என்பதே அதற்குக் காரணம். நம் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை மாலை அந்தோணியார் கெபிக்கு (குகை போன்ற சிற்றாலயத்துக்கு) முன்னால் மெழுகுதிரி கொளுத்தி நிற்பவர்களில் இந்துக்களும் இருப்பார்கள். காணாமற்போன ஆட்டுக்கும் தீராத காய்ச்சலுக்கும் யாரும் மதம் பார்த்து வேண்டுவதில்லை. புதன்கிழமை சகாயமாதா நவநாள் 1948-இல் மும்பை மாகிமில் தொடங்கி வேரூன்றிய பிறகு நாடெங்கும் பரவியது. மாதத்தின் முதல் வெள்ளி, புனித மார்கரீத் மரியா கண்ட காட்சிகளிலிருந்து வந்த திருஇருதய பக்தி. அன்று காலையில் குரு நற்கருணையை (பூசையில் அர்ப்பணிக்கப்பட்ட அப்பத்தை)க் கழுத்தில் தொங்கும் சிறு பையில் வைத்துக்கொண்டு நடமாட முடியாத முதியவர்களின் வீடுகளுக்குப் போவார். எந்த வீட்டுக்கு வருகிறார் என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். சாணம் தெளித்துக் கோலம் போட்டிருப்பார்கள். உள்ளே முக்காலியில் வெள்ளைத் துணி விரித்து, அரிசி நிரப்பிய தம்ளரில் மெழுகுதிரியைச் செருகி, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைத்திருப்பார்கள். கட்டிலில் கிடக்கும் பாட்டி அன்று மட்டும் தலை சீவிப் புதுச்சேலை உடுத்தி உட்கார்ந்திருப்பார்.

இவ்வளவும் நேயர் கேட்டதற்கான விடை. அவர் கேட்டிருக்க வேண்டியதாக நான் நினைக்கும் கேள்வி வேறு. சாமியார் ஓர் ஊருக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிறார் என்றால், மற்ற பதினான்கு நாளும் அந்தக் கோயிலை யார் திறக்கிறார்கள்? இந்தத் தொடரைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் எங்கே போகிறேன் என்பது இதற்குள் புரிந்திருக்கும். 515-ஆம் எண்ணைப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். பங்கு என்பது நம்பிக்கையாளர்களின் ஒரு குறிப்பிட்ட சமூகம் என்றுதான் அந்த எண் தொடங்குகிறது. பங்குத்தந்தை அதன் மேய்ப்பராகப் பிறகு வருகிறார். கட்டடத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

கோயிலைத் திறப்பவர் உபதேசியார். சில ஊர்களில் கோயில்பிள்ளை என்பார்கள். கோயில் சாவி அவர் வீட்டு நிலைப்படி ஆணியில் தொங்கும். நேயர் அடுத்த தெருவில் கேட்டிருந்தால் அவரே வந்து திறந்துவிட்டு, மோரும் கொடுத்திருப்பார். விடியற்காலையில் மூவேளைச் செபத்துக்கு மணி அடிப்பது, மாலையில் செபமாலை சொல்லவைப்பது, பீடச் சிறுவர்களைப் பழக்குவது, சாமியார் வர முடியாத அடக்கத்தில் செபம் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஆபத்து ஞானஸ்நானம் கொடுக்கவும் அவரைத்தான் எழுப்புவார்கள். பூசைக்கு முதல் மணி, இரண்டாம் மணி, மூன்றாம் மணி என்று முறையாக அடிக்கும் அதே கை, சாவு விழுந்தால் நிறுத்தி நிறுத்தி ஒற்றையாக அடிக்கும். களை எடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள் நிமிர்ந்து, அது யாராக இருக்கும் என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். இவருக்குக் கிடைக்கும் ஊதியத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. நாலு ஆடு வளர்த்தோ பெட்டிக்கடை வைத்தோதான் பலர் பிழைக்கிறார்கள். பங்குப்பேரவையில் புதிய கோபுரத்துக்கு வசூல் பேசும் பெரியவர்கள் இதையும் ஒருநாள் பேசலாம்.

இது நேற்று வந்த ஏற்பாடும் அல்ல. 1542-இல் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், தாம் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டியிருந்ததால், ஒவ்வொரு ஊரிலும் செபம் கற்றுக்கொடுக்கவும் ஆபத்தில் ஞானஸ்நானம் கொடுக்கவும் கணக்கப்பிள்ளை ஒருவரை நியமித்தார். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டுமே! கடற்கரை மக்கள் போர்த்துக்கல் அரசி கத்தரீனின் காலணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் 4,000 பொன் பணம் கட்டிவந்தார்கள். அந்தத் தொகையை இவர்களுக்குத் தரும்படி சவேரியார் கேட்க, அரசியும் இசைந்தார். இந்தக் கதையை இதற்கு முன்பும் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். வீரமாமுனிவர் 1727-இல் உபதேசிகளுக்காகவே வேதியர் ஒழுக்கம் என்ற நூலை எழுதினார். காவியம் பாடிய அந்தக் கை, கிராமத்து உபதேசி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உரைநடையில் எழுத நேரம் ஒதுக்கியது. சவேரியாரும் வீரமாமுனிவரும் சேர்ந்திருந்த துறவற சபையான சேசு சபை 1773-இல் கலைக்கப்பட்டு, 1830-களின் கடைசியில் அச்சபையினர் மதுரைப் பணித்தளத்துக்குத் திரும்பும் வரையில், உள்நாட்டு ஊர்களுக்கு வந்துபோன குருக்கள் மிகச் சிலரே. இரண்டு தலைமுறைக் காலம் செபம் மறக்கப்படாமல் இருந்ததற்கு இந்த உபதேசிகளும், பிள்ளைகளை மடியில் வைத்து மந்திரம் சொல்லிக்கொடுத்த தாய்மார்களும்தான் காரணம்.

இன்று அந்தச் சுமையைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். வின்சென்ட் தே பவுல் சபை 1833-இல் பாரிசில் ஓசானாம் என்ற இளைஞரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது. நம் சிற்றூர்களில் அதன் வாரக் கூட்டம் பள்ளிக்கூட பெஞ்சுகளில் நடக்கும். கூட்ட முடிவில் ஒரு துணிப்பை சுற்றி வரும். ஒவ்வொருவரும் மூடிய கையைப் பைக்குள் விட்டு எடுப்பார்கள். நூறு ரூபாய் போட்டவரும், கையில் ஒன்றும் இல்லாமல் சும்மா விட்டு எடுத்தவரும் ஒன்றுபோலவே இருப்பார்கள். அந்தப் பணத்தில்தான் தனியாக இருக்கும் ஒரு விதவைக்கு மாத்திரை வாங்கப்படுகிறது, இருவராகப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறார்கள். சனிக்கிழமை மாலை பெண்கள் கோயிலைக் கழுவி விடும்போதே பாடகர் குழுவில், மறுநாள் காணிக்கைப் பாட்டு எது என்ற வழக்கமான சண்டை நடக்கும். முதல் வாசகம் வாசிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண் நெபுகத்னேசர் என்ற விவிலிய அரசன் பெயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். ஞாயிறு பூசை முடிந்ததும் வேப்பமரத்தடியில் மறைக்கல்வி. அதன் பக்கத்திலேயே காணிக்கையாக வந்த பூசணிக்காயும் நாட்டுக்கோழியும் ஏலம் போகும். கோழி ஏலம் முடியும் வரையில் பிள்ளைகளின் கண் மறைக்கல்விப் புத்தகத்தில் இருக்காது, அது மறைக்கல்வி ஆசிரியருக்கும் தெரியும்.

அன்பியங்களைப் பற்றித் தனிப் பதிவே போட்டிருப்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீட்டில் கூடி நற்செய்தியைப் படித்துப் பேசுவது நல்ல ஏற்பாடு. ஆனால் தெரு தெருவாகப் பிரிக்கப்படுகிற இந்தக் குழு, சாதிக்கொரு தெரு இருக்கும் நம் ஊரில் சாதிக்கொரு அன்பியமாக முடிந்துவிடுகிறது. தேர் எந்தத் தெருவுக்குள் போகும், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பக்கம் என்பவற்றில் நாம் இன்னும் தலைகுனிந்து நிற்கும்போது, இதைக் கண்டும் காணாமல் இருக்க முடியாது. இரண்டு தெருக்களை இணைத்து ஓர் அன்பியம் அமைத்துப் பார்க்கப் பங்குத்தந்தைக்கும் பேரவைக்கும் துணிவு வேண்டும்.

இனி, தள்ளி வைத்திருந்த இரண்டாம் பகுதி. குரு இல்லாததால் திருப்பலியில் பங்கேற்க இயலாமற்போனால் அந்த மக்கள்மேல் கடன் மீறிய பாவம் ஏதும் இல்லை. முடியாததற்கு யாரும் கட்டுப்பட்டவர் அல்லர். அத்தகைய ஞாயிறுகளில் ஊர்க்கோயிலில் நடக்கும் இறைவார்த்தை வழிபாட்டில் பங்கேற்குமாறும், அதுவும் இயலாவிட்டால் குடும்பமாகவோ சில குடும்பங்கள் சேர்ந்தோ செபிக்குமாறும் 1248-ஆம் எண்ணின் இரண்டாம் பத்தி வலியுறுத்துகிறது. இந்த வழிபாடு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு உரோமையிலுள்ள திருச்சபைத் தலைமை 1988-இல் தனி வழிகாட்டி வெளியிட்டது. உபதேசியாரோ ஓர் அருள்சகோதரியோ அன்றைய வாசகங்களை வாசிக்கலாம், மன்றாட்டுகளை நடத்தலாம், அனுமதி பெற்றிருந்தால் முன்பே வைக்கப்பட்ட நற்கருணையையும் வழங்கலாம். பூசையில் குரு மட்டுமே சொல்லும் நற்கருணை மன்றாட்டைச் சொல்லக் கூடாது, பாவமன்னிப்பு வழங்கக் கூடாது. பேருந்து வசதியும் உடல்நலமும் உள்ளவர்கள் பக்கத்து ஊர்ப் பூசைக்குப் போவது நல்லது. ஆனால் எல்லாரும் டவுன் கோயிலுக்குக் கிளம்பிவிட்டால், ஊரில் முதியவர்களும் உபதேசியாரும் மட்டுமே மிஞ்சுவார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். நற்கருணை வழங்க யார் யாருக்கு அனுமதி தரலாம் என்று மதுரையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்; அடுத்த பதிவை அதற்கே வைத்திருக்கிறேன்.