பொருள் தெரியும்வரை நாக்கு காத்திருக்க வேண்டுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘நமசிவாய’ நமக்குள் இறங்குவது பொருள் அறிவதாலா, ஓதும் பழக்கத்தாலா? பழக்கத்தால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அம்மா போகிற போக்கில் ஒன்று சொன்னார்: “கை ருத்திராட்சம் உருட்டும், மனசு சீரியல் பார்க்கும்.” நீங்களும் நன்றாகக் கைதட்டினீர்கள். அம்மா, மனசு ஓடத்தான் செய்யும். அதற்குத்தானே மாலை! 108 மணி. முடிச்சுப் போட்ட இடத்தில் ஒரு நாயகமணி. அதைத் தாண்டக் கூடாது, மாலையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். சீரியலுக்குப் போன மனசை விரல் அங்கே பிடித்து இழுத்து வந்துவிடும். பொருள் மட்டும் தெரிந்தவரை இழுத்துவர யார் இருக்கிறார்கள்?

அப்படிப் பொருள் தெரிந்த ஒருவரைச் சேக்கிழார் காட்டுகிறார். தருமசேனர். சமண நூல்களைக் கரைத்துக் குடித்தவர். சூலை நோய் குடலை முறுக்குகிறது. கற்ற மந்திரம் எதுவும் உதவவில்லை. இரவோடு இரவாகத் திருவதிகையில் இருக்கும் அக்கா திலகவதியாரின் காலில் வந்து விழுகிறார். அக்கா என்ன செய்தார்? உட்காரவைத்து, “தம்பி, ‘ந’ திரோதம் என்ற மறைக்கும் சக்தி, ‘ம’ ஆணவ மலம், ‘சி’ சிவன், ‘வா’ அருள், ‘ய’ உயிர்” என்று வகுப்பு எடுத்தாரா? தம்பி துடிக்கிறான் ஐயா! அஞ்செழுத்தை ஓதினார், திருநீற்றைக் கொடுத்தார். அவ்வளவுதான். விடியப் போகிறது. அக்கா துடைப்பத்தை எடுத்தார், மெழுகச் சாணம் எடுத்தார், கோயிலுக்குக் கிளம்பினார். அத்தனை படித்த தம்பி, துடைப்பம் ஏந்திய அக்காவின் பின்னால் நடந்தார். அந்த நடையில்தான் நமக்கு அப்பர் கிடைத்தார்! பின்னாளில் கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது அவர் வாயில் வந்தது ‘நற்றுணை யாவது நமச்சிவாயவே’.

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடைசிக் காலத்தில் நினைவு தப்பி, பெற்ற மகளையே “நீ யாரும்மா?” என்று கேட்டார். சாப்பிட்டதை மறந்தார். நெற்றியில் திருநீறு வைத்தால் மட்டும் உதடு தானாக அசையும்: “சிவாயநம, சிவாயநம.” சுந்தரர் கொடுமுடியில் பாடியது இதைத்தானே? ‘நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே!’

எதிரணி நண்பர்களே, மகளையே மறந்த அந்த மூளையில் உங்கள் பொருள் எங்கே இருந்தது? அவர் சொன்னது வெறும் சத்தமா? அந்த மகள், என் அம்மா, இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நடுவர் அவர்களே, உங்கள் தீர்ப்பை அவரைப் பார்த்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.